இறங்காத ஜட்காக்காரர்

அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. குதிரையின் பெயரை எழுதலாம். மலிகா. உருதுவில் அதற்கு ராணி என்று அர்த்தம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காதில் அது மல்லிகா என்றுதான் விழுந்தது. "மல்லிகா வண்டி வந்துடுச்சி!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவருவார்கள். வண்டிக்காரரை ஊரே பாய் என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருந்த சின்ன ஊர் அது. ஆற்றோரம் வரிசையாகத் தோல் ஷாப்புகள். ஊறவைத்த தோலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் சேர்ந்த ஒரு நாற்றம் ஊர்மேல் எப்போதும் கவிந்திருக்கும். பாய் மட்டும் காதில் அத்தர் நனைத்த பஞ்சு வைத்திருப்பார். அவர் வண்டியில் ஏறினால் வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். ஒல்லியான ஆள், நல்ல உயரம், தாடி நுனியில் மருதாணிச் சிவப்பு. குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் மெதுவாக இருக்கும். தூங்குகிற குழந்தை பக்கத்தில் படுத்திருப்பதுபோலப் பேசுவார்.

வேலூரில் டீச்சர் டிரெய்னிங் முடித்து, மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் அந்த ரயிலடியில் இறங்கிய அன்றே அவரைத் தெரிந்துகொண்டேன். பெட்டியை ஏற்றி, நான் உள்ளே உட்கார்ந்து, அவர் லகானைக் கையில் எடுத்தாகிவிட்டது. அப்போது சில்க் ஜிப்பா போட்ட ஒரு தோல் மண்டி முதலாளி ஓடிவந்தார்.

"இன்னாப்பா, மண்டிக்கு அவசரமாப் போவணும். அந்தம்மாவ எறக்கிட்டு என்னை ஏத்து. ஜாஸ்தியே தரேன்."

"அது ஆவாதுங்க" என்றார் பாய்.

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுமா?"

"தெரியுங்க. தெரிஞ்சாலும் ஆவாதுங்க. பின்னாடி நிக்கிறது நம்ம தோஸ்து வண்டிதான். அந்தக் குதிரை என்னுதைவிட நல்லா ஓடும், அதுல ஏறிக்குங்க."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். விருந்தாளிக்குச் சர்பத் கொடுக்கிற மாதிரி. முதலாளிக்கு வந்த கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அப்படியே அடங்கிவிட்டது. பின்வண்டியில் ஏறிக்கொண்டார். நாங்கள் புறப்பட்டோம்.

என் அறை கோயில் தெருவில், பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே தோல் ஷாப்புகளைத் தாண்டி. அதனால் மிஷன் அவர் வண்டியையே எனக்கு மாச வாடகைக்குப் பேசி வைத்திருந்தது. தினமும் போக வர அவரோடுதான். அந்த 'ஆவாதுங்க' என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. எனக்கே சொல்லியிருக்கிறார். பள்ளிக்கு இன்ஸ்பெக்டரம்மா வருகிற நாளில் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. பாதி வழியில் பொறுமை போய், "பாய், குதிரைக்கு ஒரு அடி போடுங்களேன்" என்றேன்.

"ஆவாதுங்க டீச்சரம்மா."

"அப்புறம் சாட்டை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"ஈ ஓட்ட."

பொய்யில்லை. அந்தச் சாட்டை மலிகாவின் முதுகுக்கு மேலே ஆடுமே தவிர, அதன்மேல் பட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகப் பாடுவார். சாயங்காலம் கொள்ளு வேகப்போகிறது, பச்சைப் புல் வரப்போகிறது என்று அவரே உருதுவில் கட்டிய பாட்டு. தாளத்தோடு நாக்கைத் தட்டுவார். மலிகா காதை நிமிர்த்திக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். அன்றைக்கு இன்ஸ்பெக்டரம்மாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் மட்டும் கதை வேறு. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அவர் வீட்டு வாசலில் நின்றபோது பார்த்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி ஒன்றன்பின் ஒன்றாக வேலை சொல்லிக்கொண்டேயிருந்தார். தண்ணீர் எடுங்கள், விறகு நனைகிறது, கோழியைப் பிடியுங்கள். "ஆவும், ஆவும்" என்று பாய் ஓடிக்கொண்டேயிருந்தார். நான் சிரித்துவிட்டேன். "அங்க ஆவாதுன்னு சொன்னா சோறு ஆவாது" என்றார்.

கள்ளுக்கடை மறியலும் அந்நியத் துணிக் கடை மறியலும் ஊர் ஊராக நடந்த காலம் அது. எங்கள் ஊரிலும் சில வாலிபர்கள் கொடியோடு நடந்தார்கள், அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊரை அடக்குவதற்கென்று விசேஷ அதிகாரம் கொடுத்து ஒரு போலீஸ் அதிகாரியை அனுப்பினார்கள். அவரை ஊர் 'ஸ்பெஷல்' என்றே சொன்னது. நம் பக்கத்து ஆள்தான். வெள்ளைக்காரத் துரைகளே பரவாயில்லை என்று நினைக்கும்படி நடந்துகொண்டார்.

தெருவில் கூட்டமாக நிற்கக் கூடாது. பாடக் கூடாது. வெள்ளைக் கதர்க் குல்லாய் போட்டால் பிடுங்கி அதிலேயே பூட்ஸைத் துடைப்பார். ஜும்மா தொழுகை முடிந்து வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி விசாரிப்பார். எங்கள் சர்ச் மணியைக்கூடச் சுருக்கமாக அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். ஏன் என்று கேட்ட, மணியடிக்கும் கோயில்பிள்ளை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றார். அதற்கப்புறம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சலாம் உத்தரவு ஒன்று வந்தது. ஸ்பெஷலின் மோட்டார் வரும்போது நடந்து போகிறவர்கள் நின்று சலாம் வைக்க வேண்டும். வண்டியில் போகிறவர்கள் கீழே இறங்கி நின்று வைக்க வேண்டும். தண்டோராப் போட்டுச் சொன்னார்கள். ஹாரன் சத்தம் கேட்டால் மாட்டுவண்டிக்காரர்கள் பொத்தென்று குதிப்பார்கள். தெருவைப் பற்றி மட்டும்தான் உத்தரவு. ஆனால் பயத்தில் கடைக்குள் இருப்பவர்களும் எழுந்தார்கள். சலூனில் ஒரு கன்னம் வழித்து ஒரு கன்னம் நுரையோடு ஒருவர் எழுந்து நின்று சலாம் வைத்ததை நானே பார்த்தேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

பாய்க்கும் அந்த மோட்டாருக்கும் சில நாட்கள் சந்திப்பே நேரவில்லை. நேர்ந்த காலையில் நான் வண்டிக்குள் இருந்தேன்.

ஹாரன் கேட்டதும் பாய் வண்டியை ஓரமாக ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தோல் ஷாப்பு ஆட்கள் நின்று நெற்றியில் கை வைத்தார்கள். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் குதித்தார். பாய் முன்பலகையில் உட்கார்ந்தபடியே அழகாக ஒரு சலாம் வைத்தார். மோட்டார் போய்விட்டது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் நின்றது, பின்னால் வந்தது. ஸ்பெஷல் இறங்கினார். கூடவே சோளிங்கர் பக்கத்து ஏட்டு, நெற்றியில் நாமம், கையில் தடி.

"உத்தரவு தெரியாதாடா உனக்கு?"

"தெரியுங்க. சலாம் வெச்சேனுங்களே."

"எறங்கி வெக்கணும்."

"லகானை விட்டா குதிரை மிரண்டுடும்ங்க. உள்ள டீச்சரம்மா இருக்காங்க."

நியாயமான பதில். ஸ்பெஷலுக்கே அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். ஏட்டைப் பார்த்து, "குதிரையைப் பிடிய்யா" என்றார். ஏட்டு மலிகாவின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எறங்கு."

பாய் ஏட்டைப் பார்த்தார், மலிகாவைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கிவிட்டால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"இப்ப காரணம் ஒண்ணும் இல்லீங்க" என்றார், அதே சிரிப்போடு. "ஆனா ஆவாதுங்க."

ஸ்பெஷல் கண்ணைக் காட்ட, ஏட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். பாய் எழுந்தார். விழுந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மறுபடி இழுத்தார்கள். மறுபடி எழுந்து, துண்டை உதறி, ஏறி உட்கார்ந்தார். இழுக்கிற ஏட்டுக்கு மூச்சு வாங்கியது. தலைப்பாகை அவிழ்ந்து மண்ணில் உருண்டது. அதை எடுக்க அவர் குனிந்தபோது கூட்டத்தில் யாரோ ஒருவர் 'குக்' என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் ஸ்பெஷலைக் கிறுக்காக்கியது. தடியைப் பிடுங்கி, பலகையைப் பிடித்திருந்த பாயின் வலதுகை விரல்கள்மேல் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பாயின் முகம் வெளுத்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது. ஆனால் இறங்கவில்லை.

என் வாயில் வந்தது, "சார், பிரேயருக்கு நேரமாயிடுச்சு." வேறொன்றும் தோன்றவில்லை. ஸ்பெஷல் என்னை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். "ஸ்டேஷனுக்குக் கொண்டா இவனை" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

ஏட்டு பாய்க்குப் பக்கத்தில் முன்பலகையில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு ஸ்டேஷனுக்கு" என்றார்.

"டீச்சரம்மாவ ஸ்கூல்ல வுட்டுட்டுப் போலாமுங்க. வழியிலதான இருக்குது" என்றார் பாய். வழியில் இல்லை. நேர் எதிர்த்திசையில் இருந்தது.

ஏட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாமம் கலைந்துபோயிற்று. "சரி, வுட்டுட்டே போவலாம். ஸ்டேஷன் எங்க ஓடிடப் போவுது."

அப்படித்தான் கைதானவர் தன் வண்டியைத் தானே இடதுகையால் ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் போலீஸை உட்காரவைத்துக்கொண்டு, என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார். "மல்லிகா வண்டில போலீஸு!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் தலைமையாசிரியை அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். பெரிய டீச்சர் என்போம். கண்டிப்பான அம்மாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வராந்தாவில் காக்காய்கூடக் கத்தாது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம ஸ்கூல் சர்க்கார் கிராண்ட்ல நடக்குது. அந்த ஆபீசர் ஒரு வார்த்தை எழுதிப்போட்டா பிள்ளைங்க தெருவுல நிக்கும். அந்த வண்டி இனி வேண்டாம். நாளையிலேர்ந்து நீ நடந்து வந்துடு."

"அவர் ஒண்ணும் தப்பு செய்யலைங்க, பெரிய டீச்சர்."

"தப்பா சரியான்னு நான் சொல்லலையே. வேண்டாம்னு சொன்னேன்."

அதனால் நடந்தேன்.

பாயைச் சில நாள் கழித்து விட்டார்கள். அபராதம் போட்டு, லைசென்ஸ் தகட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். மலிகாவைத் தெருவில் அலையும் மாடுகளை அடைக்கிற பவுண்டில் கட்டினார்கள். அபராதம் கட்டாவிட்டால் ஏலம். விரல்களுக்கு அவர் மனைவி முட்டைப்பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தார். இரண்டு விரல்கள் அப்புறம் நிமிரவேயில்லை.

பல வருஷம் கழித்து, காலம் மாறின பிறகு, யாரோ கதர்க்காரர்கள் வந்து பொதுக்கூட்டத்தில் அந்த விரல்களைக் காட்டி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஆவாதுங்க, குதிரைக்குத் தண்ணி காட்டுற நேரம்" என்று போய்விட்டார். அப்போது மலிகாகூட இல்லை, அதன் குட்டி வளர்ந்து வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் விடாமல் மாலையையாவது கொடுத்தனுப்பினார்கள். சாமந்தி மாலை. பாதியைக் குதிரை தின்றது.

அதெல்லாம் பிந்திய கதை. பாயை ஸ்டேஷனிலிருந்து விட்ட மறுநாள் காலை நான் நடந்து போகும்போது ஜட்கா ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். குதிரையில்லாத வண்டியைத் தானே இழுத்துவந்து, வழக்கமான இடத்தில் கல் முட்டுக் கொடுத்து நிறுத்தி, முன்பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தார். மோட்டார் வந்தது. மற்ற வண்டிக்காரர்கள் இறங்கினார்கள். பாய் உட்கார்ந்தபடியே கட்டுப்போட்ட கையால் ஒரு சலாம் வைத்தார். ஸ்பெஷல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

தினமும் இப்படியே. ஒருநாள் பொறுக்காமல் ஸ்பெஷல் ஏட்டை அனுப்பினார். ஏட்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், "உத்தரவுல வண்டின்னுதானுங்கய்யா போட்டிருக்கு. இதுல குதிரையே இல்லீங்களே. இதை வண்டின்னு எப்டி எடுத்துக்கிறது?" என்றாராம். அது ஸ்டேஷன் சுவரைத் தாண்டி அன்று மத்தியானமே ஊரெல்லாம் வந்துவிட்டது. அந்த வாரம் எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் சிரித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டுதான்.

ஒரு சாயங்காலம் நின்று கேட்டேன். "ஏன் பாய் இப்படி? இறங்கி ஏறினா ஒரு நிமிஷம்."

"நான் எறங்காத ஆளா டீச்சரம்மா? மையத்து தூக்கிட்டுப் போனா எறங்குறேன். கல்யாண ஊர்வலம் வந்தா எறங்குறேன். ஒங்க சர்ச்சுல சிலுவை தூக்கிட்டு வந்தாக்கூட எறங்குறேன். யாரும் எறங்குன்னு சொல்றதில்ல, நானா எறங்குறேன். சலாம் மனசுலேர்ந்து வரணும். தடியால தட்டி எடுக்க முடியுமா?" வெறும் லகானை எடுத்துத் துண்டால் துடைத்தார். "பயமா இல்லையான்னு கேக்காதீங்க. அவரு மோட்டாரு சத்தம் கேட்டா எனக்கும் பயம்தான். அதுக்காவ எறங்கிட முடியுமா?"

தோல் மண்டி ஹாஜியார் ஊரில் எல்லாரும் மதிக்கிற பெரியவர். அவர் பாய் வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் பேசிப் பார்த்தார். அன்று நானும் பாயின் மனைவி பீபியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே அவரோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே பேசுவது கேட்டது.

"நானே பேசிட்டேன்பா. ஒரே ஒரு தபா. கண்ணை மூடிட்டு எறங்கி நில்லு. குதிரையும் வந்துடும், லைசென்ஸும் வந்துடும். ஒன்னால எல்லாருக்கும் பேஜாரு."

"நீங்க சொன்னா கிணத்துல குதிப்பேன் ஹாஜியார். இது ஆவாதுங்க."

பீபியம்மா கையிலிருந்த முறத்தை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் கேழ்வரகுக் கூழைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. "நீங்க சொன்னா கேப்பாரே, பீபியம்மா" என்றேன் மெதுவாக.

"நான் சொன்னா ஒடனே எறங்கிடுவாரு" என்றார் அவர். "அதான் சொல்லல."

சொல்லிவிட்டு அரிசியில்லாத முறத்தைத் தட்டிச் சுவரில் மாட்டினார். பிறகு எனக்குத் தேநீர் போடுவதற்காகப் பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கப் போனார்.

ஏலம் சந்தை மைதானத்தில் பட்டப்பகலில் நடந்தது. சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, நானும் போனேன். ஊரே வந்திருந்தது. கூட்டம் கூடக் கூடாது என்ற உத்தரவு இருந்தாலும் ஏலத்துக்கு வருவதைத் தடுக்க முடியாதே. ஸ்பெஷல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மலிகாவை நடுவே கட்டியிருந்தார்கள். பவுண்டில் இருந்தும் அது இளைக்கவில்லை. தோல் ஷாப்புப் பெண்கள் வேலைக்குப் போகும்போது சுவருக்கு மேலே புல்லுக்கட்டு எறிந்துவிட்டுப் போவார்களாம். இளைத்திருந்தது பாய்தான். கூட்டத்தின் முன்வரிசையில் கைகட்டி நின்றார்.

ஏலக்காரர் குதிரையின் பெருமையெல்லாம் சொல்லி விலை கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. விலையைக் குறைத்தார். ஒருவர் இருமினார், ஏலக்காரர் ஆசையோடு அவரைப் பார்த்தார், அவர் "வெறும் இருமல்ங்க" என்றார். இன்னும் குறைத்தார். ஆட்டு விலைக்கு வந்தது. ஊர் அப்படியே மரியாதையாக, நிமிர்ந்து, சலாம் வைக்கிறவர்கள் மாதிரி நின்றது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. திமிரியிலிருந்து வந்த குதிரை வியாபாரி. அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"குதிரை நடக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் வியாபாரி. ஏட்டு கயிற்றை அவிழ்த்து இழுத்தார். மலிகா நகரவில்லை. தட்டிக் கொடுத்தார். நகரவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள், முன்னாலிருந்து கொள்ளைக் காட்டினார்கள். அது கொள்ளைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றது. கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் தடியை ஓங்கினார். மலிகா நாலு காலையும் மடக்கி அப்படியே தரையில் படுத்துவிட்டது. கூட்டத்தில் இருந்த குழந்தைகள் முதலில் சிரித்தன. பிறகு பெண்கள். ஸ்பெஷல் எழுந்துவிட்டார்.

"டேய், ஒன் குதிரைதானே? கூப்புடுடா அதை!"

நாக்கை ஒரு தட்டுத் தட்டினால் மலிகா எழுந்து ஓடிவரும் என்று அந்த மைதானத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அதைக் கூப்பிடப் பாய்க்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

"ஆவாதுங்க" என்றார்.

திமிரி வியாபாரி அவரையும் பார்த்தார், குதிரையையும் பார்த்தார், சுற்றி நின்ற ஊரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்ன புரிந்ததோ. "ஒக்காந்துக்கிற குதிரையை வாங்கிட்டுப்போயி நான் இன்னா பண்றது? எனக்கு வேணாம் சாமி" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். போகும்போது பாயின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

அதற்குமேல் யார் கேட்பது? ஏலக்காரர் மேசையை மடக்கினார். மைதானமே வாய்விட்டுச் சிரித்தது. ஸ்பெஷல் வந்த நாளிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் அன்றுதான் வெளியே வந்தது. சிரிப்பதற்குத் தடையுத்தரவு போட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் மோட்டாரில் ஏறிப் போனபோது சலாம் வைத்தவர்களின் கைகள்கூடக் குலுங்கிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவுண்டின் கதவு திறந்து கிடந்தது. மலிகா தானாக நடந்து வீட்டுக்கு வந்து, வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்ததாம். சத்தம் கேட்டு வெளியே வந்த பாய் அழுததாகப் பீபியம்மா சொன்னார். பாய் அதை மறுத்தார். கதவு எப்படித் திறந்தது என்று விசாரணை வந்தபோது ஏட்டு, "தாப்பாள் ரொம்பப் பழசுங்கய்யா" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை நான் வாசலுக்கு வந்தபோது வண்டி நின்றது. லைசென்ஸ் தகடு இருந்த இடத்தில் வெறும் ஆணி. எனக்குப் பெரிய டீச்சர் போட்ட உத்தரவு நினைவுக்கு வந்தது. ஏறிக்கொண்டேன்.

கடைத்தெரு நடுவில் வரும்போது ஹாரன் கேட்டது. பாய் வழக்கம்போல ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். லகானை இடதுகையில் இறுக்கிப் பிடித்தார். எங்களுக்கு முன்னால் ஒரு ஜட்கா, பின்னால் இரண்டு, எதிரே ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள். முன்வண்டிக்காரர், ரயிலடியில் முதலாளியை ஏற்றிக்கொண்டாரே அவர், இறங்குவதற்குக் காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு அந்தக் காலை மெல்ல மடக்கிப் பலகையின்மேல் வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். மாட்டுவண்டிக்காரர்கள் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சலூனில் ஒருவர் கண்ணாடியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். டீக்கடைப் பலகையிலிருந்து ஒருவரும் எழவில்லை.

மோட்டார் வந்தது. வேகம் குறைந்தது. ஸ்பெஷல் கழுத்தை நீட்டித் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எத்தனை பேரைக் கீழே இழுப்பது? ஏட்டு ஒருவர்தான், அவரும் பின்சீட்டில் மடியிலிருந்த தலைப்பாகையைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. சலாம் உத்தரவைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. மழைக்காலம் வருவதற்குள் ஸ்பெஷலுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

அன்றைக்குப் புழுதி அடங்கியதும் தெருவே எங்கள் வண்டியைத்தான் பார்த்தது. பாய்க்குக் கூச்சம் தாங்கவில்லை. "இன்னா எல்லாரும் என்னையே பாக்குறீங்க? வேலையைப் பாருங்கப்பா" என்று சொல்லி நாக்கைத் தட்டினார். பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் பாடவில்லை. காது நுனி மட்டும் சிவந்திருந்தது.

மத்தியானம் பெரிய டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

"கடைத்தெருவுல யாருமே இறங்கலையாமே?"

"இல்லைங்க, பெரிய டீச்சர்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இறங்கலைங்க."

அவர் செருப்புச் சத்தத்தோடு திரும்பிப் போனார்.

சாயங்காலம் மணி அடித்ததும் நான் வந்து வண்டியில் உட்கார்ந்தேன். பாய் லகானை எடுத்தபோது பின்னால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. பெரிய டீச்சர் ஏறிக்கொண்டிருந்தார். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என் பக்கத்தில் நேராக உட்கார்ந்தார்.

"போலீஸ் ஸ்டேஷன் தெரு வழியாப் போங்க பாய்" என்றார்.

"அது சுத்துங்களே, பெரிய டீச்சர்."

"தெரியும். மெதுவாவே போங்க."